பிராங்கின் ஆர்கன் இசையும் ஸ்டாப் தேர்வும்

செசார் பிராங்க் (1822–1890) தம் ஆர்கன் படைப்புகளில் எந்தெந்த ஸ்டாப்புகளை இழுக்க வேண்டும் என்பதைப் பெயர் சொல்லியே எழுதிவைத்தவர். ஒரு குழல் வரிசைக்குக் காற்றைத் திறந்துவிடும் குமிழே ஸ்டாப் ஆகும். அக்குறிப்புகளை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவதே அவருக்குச் செய்யும் நியாயம் எனப் பலர் கருதுகின்றனர். இக்கருத்து பாதியளவே சரியானது.

அக்குறிப்புகள் பாரிசின் சேன்ட்-குளோட்டில்ட் தேவாலயத்தில் 1859-இல் இசைக்கத் தொடங்கிய ஆர்கனை மனத்தில் கொண்டவை. அதைக் கட்டியவர் அரிஸ்டீட் கவையே-கோல். அதன் 'ரெசி' எனும் பகுதியின் குழல்கள் கதவுகள் கொண்ட பெட்டிக்குள் இருந்தன. மிதிகட்டையால் கதவுகளைத் திறந்து மூடினால் ஒலி பெருகும், அடங்கும். ஆனால் ரெசியில் 8 அடி அடிப்படைக் குழல்கள் சிலவே இருந்தன. பூர்தோன், புல்லாங்குழல், காம்பா ஆகியவற்றோடு ஓபோ எனும் நாக்குக் குழலையும் பிராங்க் அடிக்கடி சேர்க்கச் சொல்வதன் காரணம் இங்கே விளங்குகிறது. அந்த ஓபோ மென்மையானது. மற்றவற்றோடு கலந்து ஒலிக்குச் சதைப்பற்றைத் தந்தது. 'பிரெலூட், பியூக், வேரியேஷன்' படைப்பின் தொடக்க மெட்டிலும் ஓபோ சேர்ந்தே ஒலிக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் பரோக் பாணியில் கட்டப்பட்ட ஆர்கன்கள் பலவற்றில் ஓபோ மூக்கொலியோடு தனித்துத் துருத்தி நிற்கும். பெயர் ஒன்றாக இருப்பதற்காக அதை இழுப்பது பிடிவாதமே. அங்கே ஓபோவை விட்டுவிட்டு, தந்திக்கருவியின் சாயல் கொண்ட ஒரு ஸ்டாப்பைச் சேர்ப்பவரே பிராங்கின் எண்ணத்துக்கு அருகில் நிற்கிறார்.

உச்ச ஒலி கேட்கும் இடங்களில் இன்னொரு குழப்பம் நேர்கிறது. 'நாக்குக் குழல்களைச் சேர்' என்றே பிராங்க் எழுதுவார். முன்கூட்டியே இழுத்து வைத்த ஸ்டாப்புகளுக்கு ஒரு மிதிகட்டை காற்றை அனுப்பும். ஒலி ஒரே அடியில் விரியும். இன்றைய ஆர்கன்களில் பொத்தானை அழுத்தினால் எந்தச் சேர்க்கையும் கிடைப்பதால், சிலர் வாக்கியத்துக்கு வாக்கியம் நிறம் மாற்றுகின்றனர். கேட்பவருக்குப் பெரிய மாற்றம் வரும்போது திகைப்பு மிஞ்சுவதில்லை. கீச்சிடும் மிக்ஸ்சர்களைத் தாராளமாக இழுப்பதும் இவ்வகையே; பிராங்கின் முழு ஒலி 16, 8 அடிக் குழல்களின் கனத்தில் நிற்பது.

பதிவுகளை முன்மாதிரியாகக் கொள்வோரும் கவனிக்க வேண்டும். சேன்ட்-குளோட்டில்ட் ஆர்கனே 1933-இலும் 1962-இலும் மாற்றியமைக்கப்பட்டது. ரூவான் நகரின் சேன்ட்-உவான் ஆர்கன் (1890) பெரிதும் பழைய நிலையில் இருக்கிறது. ஆனால் அதன் ரெசி மிகப் பெரியது, ஓபோவின் துணையின்றியே நிறைந்து ஒலிப்பது.