ஒரு தாளில் மூன்று தலைமுறை

குடும்ப ஆலோசகர்களின் கருவிகளில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது ஜீனோகிராம்: ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஒரே தாளில் காட்டும் படம். வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், ஆலோசனைக்கு வந்தவருக்கு இரட்டைக் கோடு. இறந்தவர்மேல் ஒரு பெருக்கல் குறி.

அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன், ஒருவரின் துயரத்தை அவர் குடும்பம் முழுவதிலும் வைத்துப் பார்க்கச் சொன்னவர். அந்த வழியில் வளர்ந்த படம் இது. மோனிகா மெக்கோல்ட்ரிக்கும் ராண்டி கெர்சனும் 1985-இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள்.

வம்சாவளிப் படம்தானே என்று தோன்றும். ஆனால் இங்கே கோடு உறவின் தன்மையையும் சொல்கிறது. பூசலுக்கு நெளிகோடு, பிரிக்கமுடியாத ஒட்டுதலுக்கு மூன்று இணைகோடுகள், பேச்சு அறுந்திருந்தால் கோடும் அறுந்திருக்கும். மணக்கோட்டில் இரண்டு வெட்டு விழுந்தால் விவாகரத்து. மறுமணம், தத்துப்பிள்ளை, மணமாகாமல் சேர்ந்து வாழ்வோர் என எல்லாருக்கும் இடமுண்டு. குடும்பம் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று இந்தத் தாள் யாரையும் அதட்டுவதில்லை. அதற்காகவே இதை மதிக்கிறேன்.

கைத்திறன் வரைவதில் இல்லை, கேட்பதில் இருக்கிறது. தாத்தா எப்போது இறந்தார் என்றால் உடனே பதில் வரும். அதன்பிறகு வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று கேட்டால் தயக்கம் வரும். ஆண்டுகளைக் குறிக்கக் குறிக்க, ஒரு மரணமும் ஒரு பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்ததும் அருகருகே நிற்பது தெரியும். இதனால்தான் அது என்று நல்ல ஆலோசகர் தீர்ப்புச் சொல்லமாட்டார், கேள்வியாக முன்வைப்பார். யார்மீது தப்பு என்று கேட்டு வந்தவர்கள் மொத்தக் குடும்பத்தையும் பார்க்கத் தொடங்குவார்கள்.

ஆலோசகர் தாளை எடுத்தால் பொறுமை இழக்காதீர்கள். பெரியம்மாவைப் பற்றியும் சொல்லுங்கள்.