வகுப்பறையில் வாழும் 'இழிசனர் வழக்கு'

இரத்தினபுரிப் பக்கத் தோட்டப் பாடசாலையொன்றில் நான் கற்பித்த காலம். தரம் 6 மாணவி ஒருத்தி, "எங்கட தாத்தாவுக்குக் கலியாணம்" என்று கட்டுரை எழுதியிருந்தாள். வாசித்துக் காட்டியதும் வகுப்பே சிரித்தது. லயத்துப் பிள்ளைகளுக்குத் தாத்தா என்றால் பாட்டனார். சிங்களத்தில் தந்தை. அவள் வீட்டிலோ மூத்த சகோதரி. என் வீட்டிலும் அப்படித்தான். ஆயினும் கலாசாலையில் பிழை திருத்தப் பழகிய கை, தாத்தாவை வெட்டி 'அக்கா' என்று எழுதியது. அதன்பின் அவளுடைய கட்டுரைகளில் வீடு வரவேயில்லை.

1960களில் ஈழத்து இலக்கியத்தில் நடந்த மரபுப் போராட்டத்தை நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். பேச்சுமொழியை 'இழிசனர் வழக்கு' என்று மரபுவாதிகள் ஒதுக்கியபோது, கைலாசபதி, சிவத்தம்பி போன்றோர் மக்கள் மொழியின் பக்கம் நின்றனர். இன்று நமது சிறுகதைகளில் உம்மாவும் வாப்பாவும் கூச்சமின்றி நடமாடுகிறார்கள். தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் தோட்டத்து வாழ்க்கையை ரசித்து வாசிக்கிறோம். ஆனால் 'பெரட்டு', 'காம்பரா' என்ற சொற்கள் மாணவனின் கொப்பியில் வந்தால் வட்டமிடுகிறோம். இலக்கியத்தில் வென்ற மொழி வகுப்பறையில் தோற்றுக்கொண்டிருக்கிறது. தோற்கடிப்பவர்களில் இலக்கியம் பேசும் ஆசிரியர்களாகிய நாமும் இருக்கிறோம்.

பரீட்சைக்கு எழுத்துத் தமிழ் வேண்டாமா என்று கேட்பார்கள். கட்டாயம் வேண்டும். அதைக் கற்பிக்க வீட்டுச் சொல்லை அவமதிக்க வேண்டுமா என்பதே என் கேள்வி. கென்யாவில் தாய்மொழி பேசி அகப்பட்ட மாணவர்களுக்குக் கிடைத்த அடியையும் கழுத்தில் தொங்கிய அவமானப் பலகையையும் கூகி வா தியாங்கோ 1986இல் வெளியான தம் கட்டுரை நூலில் பதிவுசெய்தார். நமக்குப் பலகை தேவைப்படவில்லை; சிவப்பு மையே போதுமாயிருந்தது.

சிங்களத்தின் நிலையும் இதுதான். சப்ரகமுவவில் அயலவரோடு பழகி அம்மொழியைச் சரளமாகப் பேசும் பிள்ளை, கணக்கு விளங்காத நண்பனுக்கு அதிலே காதோடு சொல்லிக்கொடுத்தால், "தமிழில் கதை" என்று அதட்டுகிறோம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. அலுவலகத்தில் அவ்வுரிமை மறுக்கப்பட்டால் கொதிக்கும் நாம், வகுப்பறையில் பிள்ளையின் வாயை அடைக்கிறோம்.

இன்று அந்தக் கட்டுரை என் கைக்கு வந்தால் தாத்தாவை வெட்டமாட்டேன். "உங்கள் வீட்டில் தாத்தா யார்?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பேன். எல்லோரும் சொல்லி முடித்த பின், அவளுடைய சொல்லுக்குப் பக்கத்தில் 'அக்கா' என்றும் எழுதச் சொல்வேன். இரண்டும் அவளுக்குத் தேவை.