இதயத்தின் சுமையை இறக்கும் கருவி: யாருக்கு, எப்போது?

கை முறிந்தால் கட்டுப் போட்டு அசையாமல் வைத்துவிடலாம். மாரடைப்பில் தசை செத்துக்கொண்டிருக்கும் இதயத்துக்கு அந்த வசதி இல்லை; நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ரத்தத்தை அது தள்ளியே ஆக வேண்டும். அந்த வேலையில் ஒரு பங்கை இயந்திரம் ஏற்றுக்கொண்டால் மிச்சமிருக்கும் தசை பிழைக்கும் என்ற எண்ணம் அரை நூற்றாண்டுக்கும் மேல் பழையது.

1967-இல் நியூயார்க்கில் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸ் நோயாளிக்கு வைத்த பலூன் பம்ப் அதன் தொடக்ககால வடிவங்களில் ஒன்று. ஹீலியம் நிரம்பிய பலூன், இதயம் விரியும்போது பெருந்தமனியில் உப்பும். சுருங்குவதற்குச் சற்று முன் வற்றும். கோட்பாடு அழகானது, பலன் அப்படி அமையவில்லை. மாரடைப்பால் ரத்த அழுத்தம் படுத்துவிட்ட 600 பேரிடம் ஜெர்மனியில் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. முப்பது நாளில் இறந்தவர்கள், பலூன் வைத்தவர்களில் 39.7 சதவீதம், வைக்காதவர்களில் 41.3. ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பிச் செலுத்தும் எக்மோ கருவிக்கும் 2023-இல் வெளியான ஆய்வில் இதே கதிதான். அது உடலுக்கு ரத்தம் தருகிறது, ஆனால் இடது கீழறை எதிர்த்துத் தள்ள வேண்டிய அழுத்தத்தைக் கூட்டியும் விடுகிறது.

இம்பெல்லா வேறு வகை. தொடைத் தமனி வழியே ஏறி, இடது கீழறைக்குள் நுனியை வைத்து, ரத்தத்தை உறிஞ்சிப் பெருந்தமனியில் விடும் குட்டிப் பம்ப் அது. சுமையை உண்மையாகவே இறக்குகிறது. மாரடைப்பால் ரத்த அழுத்தம் விழுந்தவர்களிடம் டென்மார்க், ஜெர்மனி, பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியான டேஞ்சர் ஷாக் ஆய்வில், ஆறு மாத இறப்பு 58.5 சதவீதத்திலிருந்து 45.8 ஆகக் குறைந்தது. எட்டுப் பேருக்கு வைத்தால் ஓர் உயிர் கூடுதலாக மிஞ்சுகிறது. இந்தத் துறையில் இது பெரிய வெற்றி.

விலையும் பெரிது, பணத்தில் மட்டுமல்ல. பம்பைத் தாங்கும் தடித்த குழாய் தொடைத் தமனியை அடைத்துக்கொண்டு நிற்பதால், பாதம் சில்லிட்டிருக்கிறதா, நாடி துடிக்கிறதா என்று செவிலியர் விடாமல் தொட்டுப் பார்க்க வேண்டும். அதே ஆய்வில் கால் ரத்தமின்றித் தவித்தவர்கள் 1.1 சதவீதத்திலிருந்து 5.6 ஆனார்கள், டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் 26.7-லிருந்து 41.9. மருத்துவமனைக்கு வெளியே இதயத் துடிப்பு நின்று, மீட்கப்பட்ட பின்னும் கோமாவில் கிடந்தவர்களை ஆய்வில் சேர்க்கவே இல்லை. ஆகவே இந்த வெற்றியை எல்லா மாரடைப்புக்கும் நீட்டுவது தவறு. அழுத்தம் சரியாக இருப்பவருக்கு, முதலில் சுமையை இறக்கி அரைமணி பொறுத்து அடைப்பைத் திறக்கும் முறை, 2018-இல் 50 பேரிடம் சோதிக்கப்பட்டது. செய்து பார்க்கலாம் என்பதைத்தான் அது காட்டியது. செய்தே ஆக வேண்டும் என்று காட்டவில்லை.

சென்னையை அடுத்த கேளம்பாக்கத்தில் நின்று பார்த்தால் முன்னுரிமை எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. செட்டிநாடு மருத்துவமனை ஊரிலேயே இருக்கிறது. ஆனாலும் நெஞ்சுவலியை வாயு என்று நினைத்து சோடா குடித்து, விடியட்டும் என்று படுத்துவிடுகிறவருக்கு எந்தப் பம்பும் செத்த தசையைத் திருப்பித் தராது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின் கொடுத்து மேல்சிகிச்சைக்கு அனுப்பும், தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம், பல லட்சம் ரூபாய்ப் பம்பைவிட அதிகம் பேரைத் தொடும்.

இம்பெல்லா வேண்டாம் என்பதல்ல என் கட்சி. அழுத்தம் விழுந்த, நினைவுள்ள நோயாளிக்கு, இரவு பகலாகக் காலைக் கவனிக்க ஆளிருக்கும் சில பெரிய மையங்களில், அரசுக் காப்பீட்டிலேயே அது கிடைக்க வேண்டும். மற்றபடி, யாருக்கானாலும் நெஞ்சு இறுக்கி வியர்த்தால் உடனே 108 ஆம்புலன்ஸை அழையுங்கள்.