கதவுக்கு வெளியே நின்ற வகுப்பு: றசலின் நாடகமும் வளர்ந்தோர் கல்வியும்

வில்லி றசல் எழுதிய 'எடியுகேற்றிங் றீற்றா' என்னும் நாடகம் 1980 ஆம் ஆண்டு யூன் மாதத்தில் லண்டனில் றோயல் சேக்ஸ்பியர் கம்பனியினரால் அரங்கேற்றப்பட்டது. 1983 இல் லூயிஸ் கில்பேட்டின் நெறியாள்கையில் அது திரைப்படமாகவும் வெளிவந்தது. சிகையலங்காரத் தொழில் செய்யும் இருபத்தாறு வயதுப் பெண்ணொருத்தி திறந்த பல்கலைக்கழகத்தின் இலக்கியப் பாடநெறியொன்றிற் சேர்ந்து, குடியில் ஊறிய விரிவுரையாளர் ஒருவரிடம் பாடங்கேட்க வருகிறாள். பலவற்றை இழந்து, இறுதியிற் பரீட்சையிலே சித்தியெய்துகிறாள். கதை இவ்வளவே. மேடையில் இருவர்; இடம் ஓர் அறை.

இந்நாடகத்தைப் பெர்ணாட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தோடு ஒப்பிட்டு நோக்குவது வழக்கமாகிவிட்டது. ஒப்பீடு பொருத்தமற்றதன்று. ஆயினும் ஷாவின் பூக்காரி உச்சரிப்பைத் திருத்திக்கொண்டு கடையொன்றில் வேலை பெறவே பேராசிரியரிடம் செல்கிறாள். றீற்றாவுக்குத் தொழில் உண்டு, கணவன் உண்டு, அத்தெருவிலே பிறந்த ஒருத்திக்குக் கிடைக்கக்கூடிய வாழ்வு அனைத்தும் உண்டு. அவள் நாடி வருவது இலக்கியத்தை. உழைத்து வாழும் வளர்ந்த மனிதர் ஒருவர் இலக்கியம் கற்பதனால் எதனைப் பெறுகிறார், எதனை விலையாகக் கொடுக்கிறார் என்பதே நாடகத்தின் வினா. பதினைந்து வயதிற் பாடசாலையை விட்டு, சிகையலங்காரத் தொழில் பயின்று, பின்னர் மீண்டும் கல்லூரிக்குச் சென்ற றசலுக்கு இவ்வினா ஏட்டறிவால் வந்ததன்று.

முற்பகுதிக் காட்சியொன்றிலே றீற்றா ஈ. எம். போஸ்ரரின் 'ஹோவாட்ஸ் என்ட்' (1910) நாவலைப் பற்றிச் சினத்தோடு பேசுகிறாள். வறியோர் இந்நூலின் அக்கறைக்கு உரியவரல்லர் என ஆசிரியர் ஓரிடத்திற் சொல்லிச் செல்வதே அவளது சினத்துக்குக் காரணம். விரிவுரையாளர் பிராங் அவளைத் திருத்த முற்படுகிறார். விமர்சனம் தன்னுணர்ச்சிக்கு அப்பாற்பட்டது, பரீட்சகர் இவ்வாறான விடையை ஏற்கமாட்டார் என்பது அவரது வாதம். அரங்கிலே இது நகைச்சுவைக் காட்சி; பார்வையாளர் சிரிக்கின்றனர். ஆனால், ஓர் ஆக்கம் யாருடைய நிலையினின்று, யாரை ஒதுக்கி எழுதப்பட்டுள்ளது என்று கேட்பவள், கேட்கும் முறையில் எத்துணை முரட்டுத்தனம் இருப்பினும், விமர்சனத்தின் நடுவிலேயே வந்து நிற்கிறாள்.

அதே நாவலில் லெனாட் பாஸ்ற் என்றோர் இளம் இலிகிதன் வருகிறான். காப்புறுதிக் கம்பனியொன்றில் வேலை செய்துவிட்டு, மாலையில் றஸ்கினின் உரைநடையைப் பயின்றும் பீதோவனின் இசையைக் கேட்டும் பண்பாடு உடையவனாக முயல்பவன். அவனது முடிவு கொடிது. தாக்கப்பட்டுச் சரியும்போது நூல் அலுமாரியைப் பற்றுகிறான்; அது கவிழ்ந்து நூல்கள் அவன்மீது பொழிய, இதயம் நின்று இறக்கிறான். றீற்றாவின் கதையை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே துன்பியலாக எழுதிய நூலைத்தான் அவள் வெறுத்து எறிகிறாள். இன்னுமொன்று. போஸ்ரர் 1902 முதற் பல ஆண்டுகள் லண்டனில் உழைக்கும் ஆடவருக்கான கல்லூரியில் மாலைவேளைகளிலே இலத்தீன் கற்பித்தவர். அங்குக் கண்ட மாணவரின் சாயல் பாஸ்ற்றிலே படிந்திருத்தல் கூடும். பிராங்கும் றீற்றாவும் நிகழ்த்தும் உரையாடல் இவ்வளவு தூரம் செல்வதில்லை. இருவர் மாத்திரமே உள்ள அறையில், ஒருவர் பரீட்சையை நினைந்தும் மற்றவர் அவரது அங்கீகாரத்தை நினைந்தும் பேசுமிடத்து, அது செல்லாது போனதில் வியப்பில்லை.

ஆங்கிலநாட்டு வளர்ந்தோர் கல்வி மரபு இவ்வாறான அறையிலே தோன்றியதன்று என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது. 1873 இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் தன் சுவர்களுக்கு வெளியே விரிவுரைகளைத் தொடங்கியபோது, திரளாக வந்தோருக்கு ஒருவர் பேசினார், மற்றோர் கேட்டனர். 1903 இல் அல்பேட் மான்ஸ்பிறிஜ் நிறுவிய தொழிலாளர் கல்விச் சங்கம் இதனை மாற்ற விழைந்தது. 1908 சனவரியில் லோங்ரன், றொச்டேல் என்னும் இரு தொழில் நகரங்களில் ஆர். எச். ரோனி நடத்தத் தொடங்கிய வகுப்புகள் இம்மாற்றத்தின் முதல் வடிவமாகும். மூன்று ஆண்டுப் பாடநெறி. ஆண்டுக்கு இருபத்துநான்கு கூட்டங்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணிநேரம். முதல் மணிநேரம் ஆசிரியருக்கு உரியது, மறு மணிநேரம் வகுப்புக்கு உரியது. எப்பொருளைக் கற்பதென்பதை மாணவரே தீர்மானித்தனர். மட்பாண்டத் தொழிலாளரும் நெசவாலைத் தொழிலாளரும் பகல் முழுதும் உழைத்த கையோடு வந்து பொருளாதார வரலாறு பற்றி வாதிட்டனர். ரோனி 1912 இல் வெளியிட்ட பதினாறாம் நூற்றாண்டு நிலப்பிரச்சினை பற்றிய ஆய்வின் முன்னுரையிலே, நூல்களில் எளிதிற் கிடைக்காத பலவற்றை இவர்களிடமே கற்றதாக ஒப்புக்கொண்டார்.

இதனை மாசற்ற பொற்காலமாகச் சித்திரித்தல் வரலாற்றுக்கு ஒவ்வாது. ஒக்ஸ்போட்டில் 1899 இல் உழைப்பாளருக்கென நிறுவப்பட்ட றஸ்கின் கல்லூரியிலே 1909 இல் மாணவர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஆளும் வர்க்கத்தின் பொருளியலையும் இரசனையையும் ஊட்டித் தொழிலாளரை அடக்குவதற்கே இத்தாராளக் கல்வி வழங்கப்படுகிறது என்பது அவர்களது குற்றச்சாட்டு. அவர்கள் பிரிந்து சென்று மத்திய தொழிற் கல்லூரியை அமைத்தனர். கல்வி ஒருவரைத் தன் வர்க்கத்தினின்று தூக்கிச் செல்லும் ஏணியா, அவ்வர்க்கம் தன்னை அறிவதற்கான கருவியா என்ற பிணக்கு அன்று தொட்டே இருந்துவந்துள்ளது. றீற்றாவின் கையிலிருக்கும் நூல்களைச் சுற்றிக் கிடப்பதும் இதே பிணக்குத்தான்.

இரண்டாம் உலகப் போரின் பின்னர் இவ்வகுப்புகள் விமர்சனத்துறைக்கு அளித்த கொடை பெரிது. றேமண்ட் வில்லியம்ஸ் 1946 முதல் 1961 வரை ஒக்ஸ்போட்டின் புறக்கல்விப் பிரிவு ஆசிரியராகத் தென்கிழக்கு இங்கிலாந்திற் கற்பித்தார். றிச்சட் ஹொகாட் ஹல் பல்கலைக்கழகத்தின் வளர்ந்தோர் வகுப்புகளிற் கற்பித்தார். ஈ. பி. தொம்சன் லீட்ஸின் சார்பில் யோர்க்சயர் நகரங்களுக்குச் சென்றார். 'பண்பாடும் சமூகமும்' (1958), 'எழுத்தறிவின் பயன்கள்' (1957), 'ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம்' (1963) ஆகிய மூன்று நூல்களின் பின்னணியிலும் மாலைநேர வகுப்பு நிற்கிறது. பண்பாடு என்ற சொல்லை எலியற் கையாண்ட விதம் பற்றி வில்லியம்சின் வகுப்பில் எழுந்த ஆராய்வே அவரது நூலுக்கு வித்தாயிற்று. (ஹொகாட் பின்னர் 1964 இல் சமகாலப் பண்பாட்டாய்வு நிலையத்தை நிறுவியது பேர்மிங்ஹாமில் ஆகும். க. கைலாசபதி அதே பல்கலைக்கழகத்திலே ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்த காலம் அது.) இலக்கியத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையே பல்கலைக்கழகம் எழுப்பிய மதிலை, வாழ்க்கையை நன்கறிந்த மாணவர் முன்னிலையிற் காப்பாற்ற இவ்வாசிரியர்களால் இயலவில்லை என்றே கூறவேண்டும். றீற்றாக்கள் பலர் ஒருங்கே அமர்ந்து போஸ்ரரைப் பற்றி அதே கேள்வியைக் கேட்டபோது, பரீட்சகர் பெயரைச் சொல்லி அவர்களை அடக்குதல் எளிதன்று. அவ்வகுப்புகளிற் பெரும்பாலானவற்றில் பரீட்சையே இருக்கவில்லை.

1969 இற் சாசனம் பெற்று 1971 சனவரியில் ஏறத்தாழ 25,000 மாணவருடன் கற்பித்தலைத் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம் வேறொரு திசையிற் பெரும் பாய்ச்சலாகும். முன்தகைமை எதுவும் கேளாது அது மாணவரைச் சேர்த்தது. அஞ்சலில் வரும் பாடநூல், அதிகாலையிலும் நள்ளிரவிலும் ஒலி ஒளி பரப்பாகும் விரிவுரை, கோடைப் பள்ளி, உள்ளூர்க் கற்கை நிலையத்திற் குழுவாகக் கூடும் வகுப்பு என்பன அதன் வழிகள். எண்ணிக்கையில் ரோனி கனவிலும் எண்ணாததை அது சாதித்தது. எனினும் பாடத்தைத் தெரிவுசெய்யும் உரிமை வகுப்பின் கையினின்று நீங்கியது. பட்டமும் பரீட்சையும் உள்ளே வந்தன. வாரத்துக்கொருமுறை பேராசிரியரின் அறையில் தனித்திருந்து கற்பது அங்கு வழமையானதன்று. ஆகவே றசல் காட்டும் அறை உண்மையில் ஒக்ஸ்போட்டுக்கும் கேம்பிறிட்ஜுக்கும் உரியது. இருவர் நாடகம் எழுத நாடகாசிரியருக்கு உரிமை உண்டு. அதனாற் பிறக்கும் நெருக்கமே இந்நாடகத்தின் அரங்க வலிமை என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் அவ்வடிவம் ஒரு கருத்தையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கல்வி என்பது ஓர் அறிஞர் ஒரு தனியாளுக்கு வழங்குவது. அவள் தனித்தே உயர்வாள், தனித்தே விலை கொடுப்பாள்.

அவ்விலையைச் சித்திரிக்குமிடத்து றசல் எவ்வகைப் பொய்யும் கலவாது எழுதுகிறார். கணவன் டெனி அவளது நூல்களையும் கட்டுரைகளையும் எரித்துவிடுகிறான். அவனை வில்லனாக்காமல், தான் மணந்த பெண்ணைத் தேடும் மனிதனாக நாடகம் காட்டுவது பாராட்டுக்குரியது. பிராங் விருந்துக்கு அழைக்க, வைன் போத்தலுடன் அவரது வீட்டு வாயில்வரை வந்து, உள்ளே செல்லத் துணியாது திரும்புகிறாள் றீற்றா. குடும்பத்தினர் பாடிக்கொண்டிருக்கும் மதுச்சாலைக்குச் சென்றால், அங்கும் பொருந்தமுடியவில்லை. பாட்டின் நடுவே தாய் அழுகிறாள். இவற்றிலும் நல்ல பாடல்கள் இருக்கவேண்டுமென்பது அத்தாயின் ஏக்கம். நாடகத்தில் மிக ஆழமான இடம் இதுவே. மேடைக்கு வராத, படிப்பில்லாத அத்தாயே றீற்றாவின் உண்மையான சகமாணவி. அவள் அழுதது மகளைக் கல்விக்கு உந்தியது. ஆனால் தாய்க்கு வகுப்பில்லை. அவ்வாறொன்று இருக்கக்கூடும் என்ற எண்ணமே நாடகத்தில் எழவில்லை.

'பீர் கின்ற்' பற்றிய வினாவும் இவ்வாறானதே. இப்சனின் அந்நாடகத்தை மேடையேற்றுவதில் உள்ள இடர்ப்பாடுகளைத் தீர்ப்பது எங்ஙனம் என்ற வினாவுக்கு, வானொலியில் நிகழ்த்தலாம் என ஒரே வரியில் விடையெழுதிக் கொடுக்கிறாள் றீற்றா. இதற்கும் அரங்கு சிரிக்கிறது. ஆனால் இப்சன் 1867 இல் அதனைப் படிப்பதற்குரிய நாடகக் கவிதையாகவே எழுதினார். 1876 இலேயே அது முதன்முறை மேடை கண்டது. அது மேடைக்கென எழுந்ததா என்ற வினாவை ஒரு வரியில் தொட்டுவிட்ட விடைக்கு, நீளமாக எழுதும்படி கூறப்படுகிறதேயன்றி, எவ்வாறு அதனைக் கண்டாய் என்று எவரும் கேட்பதில்லை.

பிற்பகுதியில் றீற்றா மாறுகிறாள். கோடைப் பள்ளி முடிந்து வந்தவள், பிராங் கற்பிக்கவிருந்த பிளேக்கை ஏற்கெனவே கற்றுவிட்டாள். உடன் வாழும் தோழி ரிறிஷின் பேச்சுநடை அவளுக்கும் ஒட்டிக்கொள்கிறது. பிராங்கின் பழைய கவிதைகளைப் படித்துவிட்டு, பரீட்சகர் விரும்பும் சொற்களால் அவற்றைப் போற்றுகிறாள். அவரோ அவற்றைக் கிழித்தெறிந்து, தாம் உருவாக்கியதைக் கண்டு தாமே அஞ்சும் நிலையில் தம்மை மேரி செல்லியோடு ஒப்பிடுகிறார். இக்கசப்பை அப்படியே ஏற்றல் தவறு. பிராங் இழந்தது தமக்கு இன்பந்தந்த ஒரு வெகுளித்தனத்தை. அவ்வெகுளித்தனத்துள் வறுமையும் அடக்கம் என்பதை அவர் நினைப்பதில்லை. அதே தோழி ரிறிஷ் தற்கொலைக்கு முயன்றதை அறிந்தபோது, தான் விரும்பிப் பெற்ற பண்பாட்டின் பொள்ளலை றீற்றா தானே காண்கிறாள். அக்காட்சியில் அவள் பிராங்கைவிட நேர்மையானவள்.

திரைப்படம் அறைக்கு வெளியே செல்லும் வாய்ப்பைப் பெற்றது. மதுச்சாலையும் எரியும் நூல்களும் கண்முன் வந்தன. ஆனால் படப்பிடிப்பு நிகழ்ந்த டப்ளின் ரிறினிற்றிக் கல்லூரியின் கல்முற்றங்கள், முற்றமே இல்லாத மாணவருக்கென எழுந்த பல்கலைக்கழகத்தைப் பழம் பெருமையின் நிழலிலே நிறுத்திவிட்டன.

இந்நாடகம் அரங்கேறிய அதே 1980 இலேயே இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதற்கு முன்னரே வெளிவாரிப் பட்டத்துக்குத் தோற்றிய ஆசிரியர்களும் இலிகிதர்களும் இந்நாட்டில் நிரம்ப இருந்தனர். குறிப்புகளையும் மாதிரி விடைகளையும் நெட்டுருச் செய்து, விளக்கு வெளிச்சத்தில் தனித்திருந்து இலக்கியப் பட்டம் பெற்றோருக்கு றீற்றாவின் தனிமை புதிதன்று. பிராங் போன்ற ஒருவர்கூட அவர்களுக்கு வாய்க்கவில்லை. அவர்களுள் எத்தனை பேர் கம்பனையோ பாரதியையோ பற்றிச் சினந்து ஒரு கேள்வி கேட்டு, அதற்குச் செவிகொடுக்கும் வகுப்பொன்றைக் கண்டிருப்பர் என்பது இங்குள்ள தமிழ்த்துறைகள் தம்மைத் தாமே கேட்கவேண்டியது.

றீற்றாவின் பரீட்சையில் 'பீர் கின்ற்' வினா மீண்டும் வருகிறது. பழைய ஒருவரி விடையை எழுதிவிடலாமா என்று எண்ணிப் பார்த்து, எழுதாது விடுகிறாள். எழுதவும் விடவும் தன்னால் முடிந்தது என்பதே அவளுக்கு வெற்றி. பின்னர், அவுஸ்திரேலியாவுக்குப் புறப்படும் பிராங்கைக் கதிரையில் இருத்தி, கத்தரிக்கோலை எடுத்து அவரது தலைமயிரைத் திருத்தத் தொடங்குகிறாள். நாடகம் தொடங்கியது முதல் அவளது தொழில் கேலிக்கும் அனுதாபத்துக்கும் மாத்திரமே பயன்பட்டது. அது ஓர் அறிவாக அவ்வறையினுள் நுழைவது இப்பொழுதுதான். பிராங் அசையாது அமர்ந்திருக்கிறார். கத்தரிக்கோல் அவள் கையில் இருக்கிறது.