காலியிடங்கள்: நிலவடிவமைப்புக் கல்விக்கான வழிகாட்டுதல்களை முன்வைத்து

பிளஸ் டூ முடிவுகள் வெளியாகிற வாரங்களில் நாளிதழ் இணைப்புகளும், கல்விக் கண்காட்சிகளில் கையில் திணிக்கப்படும் வழவழத் தாள்களும் சேர்ந்து ஓர் எழுத்து வகையை மூட்டை மூட்டையாக உற்பத்தி செய்கின்றன. என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்கிற வகை. இலக்கியத்தைக் கட்டுடைத்துக் களைத்துப்போன நமது விமர்சகர்கள் இந்தப் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. பார்த்திருக்க வேண்டும். ஒரு நாவலை ஆயிரம் பேர் படித்தால் அதிகம். இந்தத் தாள்களை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து படிக்கிறார்கள். படித்ததன்படி ஒரு பிள்ளையின் ஐந்து வருஷமும் ஒரு தகப்பனின் கடனும் தீர்மானமாகின்றன. பிரதியின் அதிகாரம் என்று நாம் பேசுவது இதைவிட அப்பட்டமாக வேறெங்கே செயல்படுகிறது?

இவ்வகையின் சிறு கிளை ஒன்று, லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் ஆக விரும்புவோருக்கான அறிவுரைகள். தமிழில் அந்தத் தொழிலுக்கு நிலைத்த பெயர் இல்லை. நிலத்தோற்றக் கட்டடக்கலைஞர் என்றால் சொல்கிறவருக்கே வாய் வலிக்கும். ஊரில் போய்ச் சொன்னால் ‘தோட்டம் போடுறவரா?’ என்பார்கள். நிலவடிவமைப்பு என்று இங்கே வைத்துக்கொள்கிறேன். இந்த அறிவுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. உனக்கு இயற்கை பிடிக்குமா, ஓவியம் வருமா என்று தொடங்கும். பிறகு நுழைவுத் தேர்வு, படிப்பின் பெயர், கல்லூரியின் பெயர். கடைசியில் வாய்ப்புகள்: நகரங்கள் வளர்கின்றன, ஆகவே காலியிடங்கள் நிறைய.

காலியிடம் என்ற சொல்லில் தமிழ் நமக்கு ஓர் உதவி செய்கிறது. ஆள் அமராத வேலையும் காலியிடம்தான், ஆள் குடியிராத மனையும் காலியிடம்தான். இரண்டாவது காலியிடம் இருப்பதாக நம்பவைத்தால்தான் முதலாவது காலியிடம் உண்டாகிறது. நிலம் காலியாகக் கிடக்கிறது, அதற்கு ஒரு வடிவம் தர நீ வா என்று மாணவனை அழைக்கிறது இந்தச் சொல்லாடல். வாக்கியங்களின் எழுவாய் எப்போதும் ‘நீ’. நிலம் எப்போதும் செயப்படுபொருள்.

இந்த நம்பிக்கை சட்டத்திலேயே பதிந்து கிடக்கிறது. பதிவு செய்யாதவர் ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்கிறது 1972ஆம் ஆண்டின் கட்டடக்கலைஞர் சட்டம். அதன் 37ஆம் பிரிவு இரண்டு பேருக்கு விலக்குக் கொடுக்கிறது. ஒருவர் கப்பல் வடிவமைப்பவர். மற்றவர் நமது ஆள். அவர் யாரென்றும் சட்டம் விளக்குகிறது: செடிகள், மரங்கள், நிலக்காட்சி ஆகியவை தொடர்பான திறந்த வெளிகளை வடிவமைப்பவர். நிலக்காட்சிக் கலைஞர் நிலக்காட்சி தொடர்பானவர் என்கிற சுழற்சியை விட்டுவிடுவோம், சட்டம் எழுதுகிறவர்களுக்கு அது சகஜம். அந்த வரையறையில் மண் இல்லை, தண்ணீர் இல்லை, மனிதர் இல்லை. ‘திறந்த வெளி’ மட்டும் இருக்கிறது. கப்பல்காரருக்குக் கடல் எப்படியோ அப்படி இவருக்கு வெளி: யாருக்கும் சொந்தமில்லாத, தடயம் தங்காத ஒரு பரப்பு.

தாள்கள் சொல்லாத ஒரு செய்தியும் இதிலிருந்து கிடைக்கிறது. இந்தியாவில் இந்தத் தொழிலைச் செய்யத் தனி உரிமம் என்று ஒன்று கிடையாது. கட்டடக்கலையிலும்கூட இச்சட்டம் பட்டப்பெயரைத்தான் காக்கிறது, வேலையை அல்ல என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கல்வியின் வாசல் வேறு கதை. வழக்கமான பாதை: நாட்டா நுழைவுத் தேர்வு, ஐந்தாண்டு பி.ஆர்க்., அதன்மேல் இரண்டாண்டு முதுகலை. டெல்லியின் திட்டமிடல், கட்டடக்கலைப் பள்ளியில் முதுகலை தொடங்கியது அதே 1972இல்தான். பிறகு அகமதாபாத் போன்ற இடங்களில் வந்தது. பெரும்பாலான இடங்களில் முதுகலைக்குள் நுழைய பி.ஆர்க். வேண்டும். ஏழு வருஷம். இதில் முதல் ஐந்து வருஷம் கட்டடத்தைக் கற்ற பிறகுதான் கட்டடம் இல்லாத இடத்தைப் பார்க்க அனுமதி. கட்டடத்தின் எச்சமாக நிலத்தைப் பார்க்கும் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு இந்த வரிசைக்கு மேல் சான்று வேண்டியதில்லை. தோட்டக்கலை படித்தவர் வேறு பல்கலைக்கழகத்தில், வேறு துறையில், வேறு சம்பளத்தில் இருப்பார். ஏரியின் மதகு திறந்து வயலுக்கு வயல் தண்ணீர் பிரித்துவிடும் நீர்க்கட்டி எந்தத் துறையிலும் இல்லை. பல ஊர்களில் அவர் தலித். சரிவு எங்கே, வண்டல் எங்கே படியும், கலங்கு எப்போது வழியும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவர் மகள் நாட்டா எழுதினால் அதில் ஒரு கேள்விக்கும் அந்த அறிவு விடையாகாது.

துறையின் மூலவர் என்று எல்லாப் பாடப்புத்தகங்களும் கும்பிடுகிற ஃபிரெடரிக் லா ஓம்ஸ்டெட் இந்த வாசல்களில் எதையும் தாண்டியவர் அல்லர். பட்டம் வாங்காதவர். ஸ்டேட்டன் தீவில் விவசாயம் பார்த்தார். அமெரிக்கத் தென்மாநிலங்களில் சுற்றி அடிமை முறையின் பொருளாதாரத்தைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். 1857இல் நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் வேலைக்குக் கண்காணிப்பாளராகச் சேர்ந்தார். அடுத்த வருஷம் கால்வெர்ட் வாக்ஸோடு சேர்ந்து பூங்காவின் வடிவமைப்புப் போட்டியில் வென்றார். ஹார்வர்டில் இதற்கென்று படிப்பு வந்தது 1900இல், அதாவது அவர் ஓய்வுபெற்ற பிறகு. மாணவனுக்கு உற்சாகம் தருகிற கதை, வழிகாட்டுதல்களிலும் இது வருவதுண்டு. வராதது இதன் மறுபாதி.

பூங்காவுக்கென்று எடுத்த நிலத்தின் மேற்குப் பக்கத்தில் செனிகா வில்லேஜ் என்று ஓர் ஊர் இருந்தது. 1825இலிருந்து கறுப்பின மக்கள் மனை வாங்கிக் குடியேறிய ஊர். பிறகு ஐரிஷ்காரர்களும் வந்தார்கள். தேவாலயங்கள் இருந்தன, பள்ளிக்கூடம் இருந்தது, இடுகாடுகள் இருந்தன. அங்கே கறுப்பின ஆண் ஒருவர் ஓட்டுப்போட 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். ஆகவே அந்த மனை வெறும் மனை அல்ல, ஓட்டு. ஏறக்குறைய 225 பேர் வாழ்ந்த அந்த ஊர் 1857க்குள் அப்புறப்படுத்தப்பட்டது. பூங்கா முழுவதற்குமாக வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 1,600 பேர். அப்புறப்படுத்தும் ஆணை ஓம்ஸ்டெட் போட்டதல்ல, அவர் வருவதற்கு முன்பே முடிவான விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். வடிவமைப்பாளர் வந்து நிற்கும்போது நிலம் ஏற்கெனவே ‘காலி’யாகியிருக்கிறது. யார் காலி செய்தார் என்ற கேள்வி அவருடைய தொழில் எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டது. அடிமை முறையைப் பற்றி அவ்வளவு எழுதிய மனிதர், அந்தக் கண்ணோடு தன் காலடியில் இருந்த நிலத்தையும் வாசித்திருந்தால் துறை வேறு மாதிரி பிறந்திருக்குமோ என்னவோ.

லேண்ட்ஸ்கேப் என்ற சொல்லே டச்சு ஓவியர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சட்டகம் போட்ட காட்சி, வெளியே நின்று பார்ப்பது. ஆர்க்கிடெக்சரோடு அதைச் சேர்த்து 1828இல் புத்தகத் தலைப்பாக்கிய கில்பர்ட் லேயிங் மீசனும் இத்தாலிய ஓவியர்களைப் பற்றித்தான் எழுதினார். படத்தில் மரம் வளராது. இன்றைய வரைபடத்திலும் மரம் வளர்ந்து முடிந்த வட்டமாகவே பிறக்கிறது. வாடிக்கையாளர் அந்த வட்டத்தை உடனே கேட்கிறார். அதற்கொரு செடி வேண்டியிருக்கிறது. கோனோகார்ப்பஸ் அப்படி வந்தது. சீக்கிரம் வளரும், வெட்டினால் சுவர்போல நிற்கும், வருஷம் பூராவும் பச்சை. நெடுஞ்சாலை நடுவிலும் வில்லா வாசல்களிலும் நட்டுத் தள்ளினார்கள். 2023இல் குஜராத் அரசு அதை நடுவதற்குத் தடை போட்டது. வேர் குழாய்களையும் கம்பிவடங்களையும் தொந்தரவு செய்வதும், மகரந்தத்தால் சளி, ஆஸ்துமா என்பதும் சொல்லப்பட்ட காரணங்கள். செடி மேல் குற்றமில்லை. காத்திருக்கத் தெரியாத வரைபடத்தின் குற்றம்.

இந்த இடத்தில் தொல்காப்பியத்தை இழுக்காத தமிழ்க் கட்டுரை உண்டா? நானும் இழுக்கிறேன், ஒரு காரணத்துக்காக. முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும். நிலத்தை மட்டும் தனியாகச் சொல்ல அந்த இலக்கணம் இடம் தருவதில்லை. கருப்பொருளில் பறையும் தொழிலும் உணவும் வந்துவிடுகின்றன. ஆளில்லாத திணை கிடையாது. இதைச் சொன்னதும் புல்லரித்து, ‘நம்மிடம் எல்லாம் இருந்தது’ என்று கிளம்புகிறவர்களோடு எனக்கு ஒட்டுறவு இல்லை. பெயரை எடுத்துப் பலகையில் மாட்டுவது சுலபம். 2011இல் அடையாறு முகத்துவாரத்தில் 58 ஏக்கரில் தொல்காப்பியப் பூங்கா திறந்தார்கள். குப்பைமேடாகக் கிடந்த உவர்நீர்ச் சதுப்பு மீண்டது, பறவைகள் வந்தன. அந்த வேலையைக் குறைசொல்ல மாட்டேன், இந்த ஊரில் நடந்த நல்ல நிலவடிவமைப்புகளில் அது ஒன்று. ஆனால் திறந்து பல வருஷங்கள் வரை அதற்குள் யாரும் நினைத்தபோது நடந்து போய் உட்கார முடியாது. முன்பதிவு, வழிகாட்டி, குறித்த நாட்கள். பறவைகளுக்கு அமைதி வேண்டும் என்பது நியாயமே. திணையின் பெயரால் வந்த நிலத்தில் மனிதர் பார்வையாளராக மட்டுமே அனுமதிக்கப்படுகிறார் என்பதையும் பார்க்கத்தானே வேண்டும். அதே ஆற்றின் கரைகளிலும் கூவத்தின் கரைகளிலும் இருந்த குடும்பங்கள், குறிப்பாக 2015 வெள்ளத்துக்குப் பிறகு, பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரம். ஆற்றங்கரை வெள்ள ஆபத்து என்று சொல்லி எடுத்தவர்களைத் தண்ணீர் தேங்கும் இன்னொரு நிலத்தில் கொண்டுபோய் வைத்தாயிற்று.

சரி, படிக்க வருகிற பிள்ளைக்கு என்னதான் சொல்வது? வராதே என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. வரட்டும், இந்தத் துறைக்கு வர வேண்டியவர்கள்தான் இன்னும் வரவில்லை. இயன் மக்ஹார்க் 1969இல் எழுதிய நூல் எல்லாக் கல்லூரியிலும் பாடம். மண்ணுக்கு ஒரு தாள், சரிவுக்கு ஒரு தாள், நீருக்கு ஒரு தாள் என்று ஒளி ஊடுருவும் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, எங்கே கட்டலாம், எங்கே கூடாது என்று வாசிக்கும் முறை. சமூக மதிப்புகளுக்கும் அவர் தாள் வைத்திருந்தார். நம்மூருக்கு இன்னொரு தாள் வேண்டும். அதை எந்தக் கல்லூரியும் தருவதாகத் தெரியவில்லை, கிராம நிர்வாக அலுவலர் மேசையில் இருக்கிறது. புலப்படம், அடங்கல், ‘அ’ பதிவேடு. அதில் புறம்போக்கு என்று எழுதியிருப்பதற்குள்ளேயே மேய்க்கால் எது, களம் எது, சுடுகாடு எது, வண்டிப்பாதை எது என்று ஒரு ஊரின் பொதுவாழ்வு முழுக்க இருக்கிறது. பதிவேட்டில் ஏறாத உபயோகம் அதற்கும் மேலே. நகரத்து வரைவாளர் கணினியில் அதே இடம் வெள்ளையாகத் தெரிகிறது. டேவிட் மோஸ் இராமநாதபுரம், சிவகங்கைக் கண்மாய்களைப் பற்றி எழுதிய புத்தகம் 2003இல் வந்தது. தண்ணீர் ஓடும் வழியில் சாதியும் அரசும் எப்படி ஓடுகின்றன என்று காட்டுகிற புத்தகம். முதலாண்டிலேயே படித்துவிடலாம். அப்புறம் ஒரு நர்சரியில் ஒரு கோடைகாலம் வேலை செய்ய வேண்டும், கூலிக்கு. பாலித்தீன் பையில் மண் நிரப்பும் பெண்களுக்குத் தெரிந்த செடி விவரம் அவர்களின் முதலாளிக்குத் தெரியாது.

வேலை கிடைக்குமா என்பது நியாயமான கேள்வி, அதை நக்கல் செய்கிற அறிவுஜீவித்தனம் எனக்குப் பிடிக்காது. கிடைக்கும். பெரும்பாலும் கட்டுமான நிறுவனங்களின் மதிற்சுவர்களுக்குள்ளே. உள்ளாட்சிகளில் இந்தப் படிப்புக்கென்று தனிப் பதவிகள் அரிது. பெரிய அலுவலகத்தில் முதல் வருஷங்களில் தருகிற வேலை, அளவை வரைபடத்தைச் சுத்தம் செய்வது. அளவையாளர் கண்டதையெல்லாம் குறித்து வைத்திருப்பார்: கிணறு, வேப்பமரம், மாட்டுத் தொழுவம், ஒற்றையடிப்பாதை, தகரக்கூரை என்று தனித்தனி அடுக்குகளில். வடிவமைப்பு தொடங்கும் முன் தேவையில்லாத அடுக்குகளை அணைக்கச் சொல்வார்கள். புதிதாகச் சேர்ந்த பையனோ பெண்ணோ உட்கார்ந்து ஒவ்வொன்றாக அணைப்பார்கள். தகரக்கூரை அடுக்கை அணைப்பதற்கு முன் அந்த இடத்துக்குப் போய், அங்கே இருப்பவர் யார், எந்த வருஷத்திலிருந்து இருக்கிறார், ரசீது ஏதும் வைத்திருக்கிறாரா என்று கேட்டு, அதை வரைபடத்தின் ஓரத்தில் சர்வே எண்ணோடு எழுதி வைக்க அரை நாள் போதும்.