பல்லிடுக்குக்கென்று ஒரு குட்டிப் பிரஷ்

இந்த வருஷம் மாம்பழத்தைக் கொட்டை வெளுக்கும்வரை சப்பித் தின்றேன். காரிமங்கலம், பாலக்கோடு பக்கத்து நாட்டுப் பழத்தில் சாறு எவ்வளவோ அவ்வளவு நார். கடைவாயில் அது சிக்கினால் படும் பாடு எங்கள் தர்மபுரிக்காரர்களுக்குத் தெரியும். எனக்கு இப்போது அந்தப் பயமே இல்லை. மருந்துக்கடையில் இன்டர்டென்டல் பிரஷ் என்று கேட்டு வாங்கினேன். மெல்லிய கம்பியைச் சுற்றிப் பொடிப்பொடியாக நைலான் இழைகள், பிடித்துக்கொள்ள ஒரு சின்னக் காம்பு. அட, என்ன அருமையான சாமான்!

நம் பக்கம் பல்லிடுக்கில் விடாத பொருள் எது? தீக்குச்சி, விளக்குமாற்றுக் குச்சி, வளையலில் மாட்டிய ஊக்கு. நார் வரும்; கூடவே ஈறும் கிழியும். வேப்பங்குச்சியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், ஆனால் மென்ற நுனி பல்லின் முகத்தைத் தேய்க்குமே தவிர, இடுக்குக்குள் போகாது. ஃப்ளாஸ் நூல் நெருக்கமான முன்பற்களுக்குச் சரி. ஈறு இறங்கி இடைவெளி விழுந்த கடைவாயில்தான் சிக்கல். அங்கே வேரின் பக்கவாட்டில் லேசான குழிவு இருக்கும். இழுத்துப் பிடித்த நூல் அதன் மேலாகத் தாண்டிவிடும். பிரஷின் இழைகளோ குழிவுக்குள் விரிந்து அழுக்கை வழித்துக்கொண்டு வரும். 2019-இல் காக்ரேன் அமைப்பு 35 ஆய்வுகளை அலசியது. ஆதாரம் இன்னும் வலுவாக வேண்டும் என்றாலும், ஈறு வீக்கத்தைக் குறைப்பதில் நூலைவிட இந்தப் பிரஷ் மேலாக இருக்கலாம் என்றது. என் ஈறு அதற்குச் சாட்சி. ஆரம்பத்தில் ரத்தம் கசிந்தது, பிறகு தானாக நின்றது. இரண்டு வாரம் தாண்டியும் கசிந்தால் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அளவுதான் உயிர். சுவீடனின் டேப்பே நிறுவனம் 0.4 மி.மீ. இளஞ்சிவப்பிலிருந்து 1.5 மி.மீ. கறுப்பு வரை நிறம் பிரித்து வைத்திருக்கிறது. ஒரே வாய்க்கு இரண்டு அளவு தேவைப்படலாம். இழை இரு பல்லையும் தொட வேண்டும், கம்பி உரசக் கூடாது. முட்டினால் திணிக்காமல் சின்னதுக்கு மாறுங்கள். பேஸ்ட் வேண்டாம், இரண்டு மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டி, கழுவி வைத்தால் போதும்.

எங்கள் மாவட்டத்தில் பல் என்றாலே கறைதான் பேச்சு. போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறைகள் இங்கே உண்டு. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். அந்தக் கறை எனாமலுக்குள்ளேயே இருப்பது. செங்கல் பொடி, கரி எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, எனாமல்தான் தேயும். அந்த உழைப்பில் கால்வாசியை இடுக்குக்குக் கொடுத்தால் பல் கூடுதல் காலம் நிற்குமே என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது!

கிளிப் போட்ட அண்ணன் மகளுக்குத் தண்ணீர் பீய்ச்சும் கருவி வாங்கித் தந்தோம். 1962-இல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பல் டாக்டரும் ஒரு பொறியாளரும் சேர்ந்து உண்டாக்கியது. கம்பிக்கடியில் ஒளிந்த சோற்றுப் பருக்கைகூடத் தெறித்து வருகிறது. அவளுக்கு அது, எனக்கும் அம்மாவுக்கும் பிரஷ். வெற்றிலை போடுகிற அம்மா பாக்குத் துணுக்கு எடுக்க வைத்திருந்த ஊக்கைக் கழற்றிவிட்டு, சுருக்குப்பையில் பச்சைப் பிரஷைப் போட்டுக்கொண்டார். பென்னாகரத்துச் சித்தி பார்த்துவிட்டு, “எனக்கும் அதே பச்சையில ஒண்ணு வாங்கியா கண்ணு” என்றார். பச்சையா நீலமா என்பதை அவர் வாயைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.