கேட்டுக்கு அடியில் ஓடும் வேலிக் கம்பி

பேரையூர், டி.கல்லுப்பட்டிப் பக்கம் மக்காச்சோளம் போடுகிறவர்களுக்குக் காட்டுப்பன்றித் தொல்லை புதிதில்லை. சோலார் வேலி போட்டால் ஓரளவு தப்பிக்கலாம். ஆனால் கேட் வரும் இடத்தில் கம்பியை எப்படித் தாண்ட வைப்பது? மேலே தூக்கிக் கட்டினால் வைக்கோல் பாரம் ஏற்றிய டிராக்டர் இடிக்கும். மண்ணுக்குள்தான் விட வேண்டும். அதற்கென்றே விற்கும் இரட்டை உறை கேபிளைக் கரிசல் தோட்டம் ஒன்றில் பதித்துப் பார்த்தோம். பக்கத்திலேயே சாதா வீட்டு வயரையும்.

மண் காய்ந்திருந்தவரை வயரும் ஒப்பேற்றியது. தண்ணீர் பாய்ந்ததும் வேலி டெஸ்டரில் வோல்ட் மளமளவென்று இறங்கிவிட்டது. வீட்டு வயரின் உறை தாங்குவது 1,100 வோல்ட்தான். வேலி மிஷின் விடும் துடிப்போ 8,000 வோல்ட்டைத் தொடும். அப்புறம் எப்படி நிற்கும்? கேபிளில் அந்த இறக்கம் இல்லை. உள்ளே ஜிஐ கம்பி என்பதால் வேலிக் கம்பியோடு சேரும் இடத்தில் செம்புபோல அரிப்பும் வராது. ஒரே குறை, சரியான விறைப்பு. வளைப்பதற்குள் விரல் கன்றிவிடுகிறது.

'பைப்புக்குள்ள விட்டா சாதா வயரே போதும்ணே' என்று கடையில் சொல்வார்கள். நம்ப வேண்டாம், பைப்புக்குள்ளும் தண்ணீர் தேங்கும். பைப் என்பது மம்பட்டி வெட்டுக்கும் எலிப் பல்லுக்கும் காவல், அவ்வளவே. ஒன்றரை அடி ஆழம் வையுங்கள். இரு முனைகளையும் தரைக்கு மேலே கொண்டுவந்து, மழை இறங்காதபடி குடைக்கைப்பிடி மாதிரி கவிழ்த்து விடுங்கள். மண்ணுக்குள் ஜாயின்ட் கூடவே கூடாது. சித்திரையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்து இழுக்கும், ஆகவே கேபிளைக் கொஞ்சம் தளர்வாக விடுவது நல்லது. அந்த வெயிலில் எர்த் ராடும் காய்ந்து, வேலி அடிக்காமல் போகும். ராடுக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றினால் சரியாகும்.

இத்தனையும் நொடிக்கொரு தரம் இமைப்பொழுது மட்டும் துடிக்கும் மிஷினுக்குத்தான். ஈபி லைனில் நேராகக் கொக்கி போடுவது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தர்மபுரி மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் செத்தன. அந்த ஆண்டே மின்வேலிகளுக்குத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. காப்புக்காட்டை ஒட்டி நிலம் இருந்தால் முதலில் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

கேட்டுக்கு இந்தக் கேபிளைத் தாராளமாக வாங்கலாம். தோட்டம் நெடுகப் புதைக்க மட்டும் வேண்டாம். எங்கே கசிகிறது என்று தோண்டித் தேடி மாளாது.